மூன்று விளக்குகளும் என் மகளும்

காலை ஆறே முக்காலுக்குப் பால் வாங்கப் போன என் கணவர் பாலில்லாமல் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஒண்ணுமில்ல, நீ பதறாத" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் இதைச் சொன்னபின் ஒன்றுமில்லாமல் போனதே கிடையாது. மாமனாருக்கு நெஞ்சு வலித்தபோதும் இதையேதான் சொன்னார், மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்து குண்டான்கள் மிதந்தபோதும் இதையேதான் சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் செய்திகளை நின்றுகொண்டு கேட்கும் வயதை நான் தாண்டியிருந்தேன்.

"போர்டு வச்சிட்டாவ" என்றார்.

"என்ன போர்டு?"

"நம்ம புள்ளைக்குத்தான். நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனா என்ன?"

"நீயே வந்து பாரு. நான் சொன்னா பதறுவ."

அன்று சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்டேடியத்தில் மாநில ஜூனியர் பெண்கள் கூடைப்பந்து அணிக்கான கடைசிச் சுற்றுத் தேர்வு. முந்தைய ஆண்டு இதே சுற்றில் பெயர் வராமல் திரும்பி வந்த என் மகள், பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு, "அடுத்த வருஷமும் இல்லேன்னா இதை யாருக்காவது குடுத்துரும்மா" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜூனியர் வயதில் அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு. அந்தச் சனிக்கிழமையை நினைத்து நான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள். அன்றும் விடியும்போதே எழுந்து பள்ளி மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டிருந்தாள்.

போர்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், எங்கள் வீட்டு ஆண்களைப் பிடித்திருந்த ஒப்பிடும் வியாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் கணவருக்குப் பழவங்காடியில் பாத்திரக்கடை. அவருடைய தாத்தா திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து போட்டது. எதிர்வரிசையில் தேங்காய்க்கடை அண்ணாச்சி. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஊரார் உடைக்கிற சிதறுகாயில் பாதி அவர் கடையிலிருந்துதான் போகும். வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. இரண்டு பேரும் இளவயதில் கூடைப்பந்துப் பைத்தியங்கள். ஆடியவர்கள் அல்ல, பார்த்தவர்கள். பார்த்தவர்களுக்குத்தான் இந்த வியாதி வரும்.

அவர்கள் காலத்தில் இந்த ஊரில் மூன்று பெரிய ஆட்டக்காரிகள் இருந்தார்களாம். எங்கள் வீட்டில் அவர்களுக்கு இடதுகைச் சேச்சி, நெட்டைச் சேச்சி, ஓட்டச் சேச்சி என்று பெயர். சேச்சி என்றால் இங்கே அக்கா. என் மகள் பந்தைக் கையில் எடுத்த நாளிலிருந்து, அவள் இவர்களில் யார் மாதிரி என்பதுதான் பாத்திரக்கடையில் மாலை நேரத்து வியாபாரம்.

"வலப்பக்கம் போற மாதிரிப் போயிட்டு இடப்பக்கம் திரும்புதால்லா, அது அப்படியே இடதுகைச் சேச்சி" என்பார் என் கணவர்.

"உம்ம கண்ணை டாக்டர்ட்ட காட்டும்வே. அந்தத் தாவலு நெட்டைச் சேச்சி தாவலு" என்பார் அண்ணாச்சி.

"நெட்டைச் சேச்சி எங்க அண்ணாச்சி தாவினாவ? கைய நீட்டினா ரிங்கு. ஏணி தாவுமா?"

வாய்ப்பேச்சு போதாதபோது செய்துகாட்டுவார்கள். கடையின் மேல்தட்டில் பெரிய அண்டாவை வைத்து, அண்ணாச்சி கடைத் தேங்காயை இடதுகையால் ஒருவர், எம்பி ஒருவர் என்று எறிவார்கள். குடம் வாங்க வந்தவர்கள் வாசலில் ஒதுங்கி நின்று ஆட்டம் முடியக் காத்திருப்பார்கள். ஒருமுறை கல்யாணச் சீருக்கு அண்டா வாங்கிப்போன குடும்பம், வீட்டில் கொண்டுபோய் மூடியைத் திறந்தால் உள்ளே தேங்காய். நல்ல சகுனம் என்று மறுநாள் வந்து இன்னும் இரண்டு அண்டா வாங்கிப் போனார்கள். அதற்குப்பின் என் கணவரை நிறுத்த யாராலும் முடியவில்லை.

எனக்குக் கூடைப்பந்து தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் பந்து எறிவதைப் பார்த்தால் எனக்கு மொட்டைமாடியில் துணி காயப்போடுவதுதான் நினைவுக்கு வரும். எங்கள் மாடிக் கொடி என் கணவரின் உயரத்துக்குக் கட்டியது. நானோ குள்ளம். ஈரத்துணியை ஒரு சுழற்றுச் சுழற்றி, நுனிக்காலில் எம்பி, மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டி எறிவேன். பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகக் கொடியில் விழுந்து தொங்கும். மகள் சின்னவளாக இருந்தபோது என் பக்கத்தில் நின்று கைக்குட்டை, பனியன் என்று எறிந்து பழகினாள். இதைக் கடையில் ஒருதரம் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வைக்குப்பின் மறுபடி சொல்லவில்லை.

முந்தைய வாரம் அவர்கள் சண்டை முற்றி, கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். மூன்று சேச்சிமாரும் சேர்ந்ததுதான் எங்கள் மகள். அந்தச் சமாதானத்தின் சந்தோஷத்தில் அண்ணாச்சி சங்கத்தின் சார்பில் ஒரு ப்ளெக்ஸ் போர்டுக்குச் சொல்லிவிட்டார். ப்ளெக்ஸ் வந்த புதிது அது. எந்தத் தெருமுனையில் திரும்பினாலும், பரீட்சையில் தேறிய ஏதோ ஒரு பிள்ளை ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கும். தேர்வு முடிந்தபிறகு வைக்கக்கூடாதா என்று நான் கேட்டதற்கு, "டீச்சரம்மா, ஜெயிச்ச பொறவு எவனும் வைப்பான்" என்றார் அண்ணாச்சி.

கிழக்கேகோட்டையில் ஊரே பஸ் மாறும். அந்த நிறுத்தத்துக்கு எதிரே, மூங்கில் சட்டத்தில், ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குக் கட்டியிருந்தார்கள். நடுவில் என் மகள், ஆகாயத்தில், வாயைத் திறந்துகொண்டு. தலைக்குமேல் பொன்னெழுத்தில் மலையாளத்தில், 'மூவரும் சேர்ந்தால் எங்கள் மகள்.' எனக்குக் காய்ச்சல் வர அதுவே போதும். ஏனென்றால் தேர்வுக் குழுவின் தலைவி வேறு யாருமல்ல, இடதுகைச் சேச்சிதான். அவர் என் மகளில் மூன்றில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு டீச்சர் வீட்டுப் போர்டு ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

ஆனால் என் கணவர் பாலை மறந்தது அதற்காக அல்ல.

சேச்சிமார் மூவரும் வட்டச் சட்டங்களுக்குள் கறுப்பு வெள்ளையில் இருந்தார்கள். சட்டத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு சின்ன விளக்கு, அச்சில் சுடர் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் போர்டில் அந்த அலங்காரம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். இன்றைக்கும் ஒரு ப்ளெக்ஸைக் கண்டால் நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடியில் விளக்கு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

ஓட்டச் சேச்சி சில வருடங்களுக்குமுன் காலமாகிவிட்டார், அவருக்குச் சரி. நெட்டைச் சேச்சி மகனோடு வெளிநாட்டில் சௌக்கியமாக இருந்தார். இடதுகைச் சேச்சி அன்று மூன்று மணிக்கு என் மகளைத் தேர்வு செய்ய வரவேண்டியவர்.

அண்ணாச்சி குளித்துச் சந்தனம் வைத்து, போர்டுக்குக் கீழே கல்யாணவீட்டுக்காரர் மாதிரி நின்றிருந்தார். "எப்படி டீச்சரம்மா?"

"அண்ணாச்சி, விளக்கு!"

"நாந்தான் வைக்கச் சொன்னேன். அச்சுக்கடையில ஒரு போர்டு காஞ்சுக்கிட்டு கிடந்தது. விளக்கும் பூவுமா மங்களகரமா இருந்தது. இதே மாதிரி போடுடேன்னேன். அந்தப் பையனுக்கு விவரம் பத்தாது. 'அண்ணாச்சி, மூணு பேருக்குமா?'ன்னு ரெண்டு தடவ கேக்கான். ஏல, ஒருத்தருக்கு வச்சு ஒருத்தருக்கு வைக்காம விட்டா மனசு சங்கடப்படாதான்னு சொல்லிட்டேன்."

"அது செத்தவங்களுக்கு வைக்கிறது அண்ணாச்சி!"

அண்ணாச்சி போர்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "விளக்கு வச்சா ஐசுவரியம்தான டீச்சரம்மா? கடை தொறக்கையில நாம விளக்கேத்தலியா?" குரலில் பாதி பலம் போயிருந்தது.

அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நின்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கஷ்டம். போன வாரம்கூட டிவியில கண்டதல்லே?" என்றார் ஒரு கண்டக்டர். பூக்காரி ஒருத்தி, யார் கேட்டுக்கொண்டார்களோ, மூங்கிலில் ஒரு துளசிமாலையைக் கட்டிவிட்டுப் போனாள். என் மகளைக் காட்டி, "இது மோளாயிரிக்கும், பாவம்" என்றாள் இன்னொருத்தி. செத்தவருக்கு மகள், ஆகாயத்தில் வாய் திறந்து அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள்போல.

இறக்கிவிடலாம் என்றால், கட்டியவர்கள் ஏணியோடு வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். கிழிக்கலாம் என்றால் அண்ணாச்சி விடவில்லை. அஞ்சு மணிக்குக் கவுன்சிலர் திறந்துவைக்க வருகிறார். அப்போதுதான் என் கணவருக்கு யோசனை தோன்றியது.

"திறப்புவிழாவுக்குத் துணி போட்டு மூடுறது வழக்கம்தான? மூடிருவோம்."

நல்ல யோசனைதான். பக்கத்துத் துணிக்கடை திறந்ததும் ஒரு வேட்டியை வாங்கிக்கொண்டு, ஓர் ஆட்டோவின் கூரையில் ஏறி நின்று, எக்கி எக்கிக் கட்டினார். ஆனால் ஒரு வேட்டியால் ஒரு சட்டத்தைத்தான் மூட முடிந்தது. இடதுகைச் சேச்சியை மூடினார். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். கீழே விளக்கு எரிய, முகத்தை வெள்ளை வேட்டியால் மூடியாகிவிட்டது. அதுவரை சந்தேகத்தோடு நின்றவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்றார் என் கணவர்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து டெலிபோன் டைரக்டரியில் இடதுகைச் சேச்சியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். முன்கூட்டியே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று உறுதியோடுதான் சுழற்றினேன். மணி அடித்தது. "ஹலோ" என்று ஒரு குரல் வந்தது. உயிருள்ள, கனத்த, சலித்துப்போன குரல். என்ன சொல்வது? உங்களுக்கு விளக்கு வைத்துவிட்டோம் என்றா? "அய்யோ!" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டேன். அது கையிலிருந்து ஒருதரம் நழுவி, பிறகுதான் தாங்கியில் உட்கார்ந்தது.

மீதி இருந்தது பிள்ளையார்தான். அண்ணாச்சி கடையிலிருந்தே ஒரு காயை எடுத்துக்கொண்டு போய், "சேச்சி அந்தப் பக்கமா வரக்கூடாது, புள்ளை பேரு வரணும்" என்று வேண்டிக்கொண்டு ஓங்கி எறிந்தேன். பதற்றத்தில் குறி பிசகிவிட்டது. காய் ஓரத்தில் பட்டு, உடையாமல், துள்ளி என் தலைக்குமேல் பின்பக்கம் போனது. சிதறுகாய் உடையாவிட்டால் என் நெஞ்சு உடைந்துவிடும். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் எம்பி இடதுகையால் அதைப் பிடித்திருந்தார்.

"பாத்தியா! இப்படித்தான் சேச்சி ரிபவுண்டு எடுப்பாவ. அப்படியே அதே பிடி" என்றார், கண்கள் மின்ன.

நான் கையை நீட்டினேன். இரண்டாவது தடவை உடைந்தது. அண்ணாச்சி பின்னாலிருந்து, "நல்ல காயாக்கும் டீச்சரம்மா. அதுதான் லேசில உடையல" என்றார்.

மூன்று மணிக்கு ஸ்டேடியத்தில் நாங்கள் மூவரும் தடுப்புக் கம்பியருகே நின்றோம். என் மகள் மற்றப் பெண்களோடு கோட்டில் நின்றிருந்தாள். அவள் பள்ளிப்பக்கமிருந்து வந்ததால் போர்டைப் பார்த்திருக்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, அருகே வந்து, "அம்மா, டென்ஷனடிக்க வேண்டாம். உங்களப் பாத்தா எனக்குக் கை விறைக்குது. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றாள். திரும்பி நின்றேன். திரும்பிய பக்கம்தான் தேர்வுக் குழுவின் நாற்காலிகள் இருந்தன. இரண்டில் ஆள் இருந்தது. நடு நாற்காலி காலி.

தேர்வை நடத்தும் பெரியவர் அவசரமாக வந்தார். சட்டையில் பஸ் கசக்கல். அவர் கிழக்கேகோட்டை வழியாகத்தான் வந்திருப்பார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"நம்முடெ பிரியப்பெட்ட... இடதுகை இனி இல்ல..." என்று தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்நேற்று நில்க்கணும்."

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் எனக்கு. அன்று காற்றுதான் வந்தது. என் கணவர் என் கையைப் பிடித்து இறக்கினார். "இப்ப சொன்னா நாமதான் கொன்னோம்னு ஆயிரும்" என்று காதில் சொன்னார். அண்ணாச்சி அதற்குள் துண்டை இடுப்பில் கட்டி, கண்ணை மூடி, மனதார நின்றுகொண்டிருந்தார். அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பெண்கள் தலையைக் குனிந்தார்கள். என் மகளின் தோள் குலுங்குவது தெரிந்தது. எறிய வேண்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போயிற்று என்று நினைத்தேன். கட்டிலுக்கடியில் உருண்டு போகும் பந்து கண்முன் வந்தது.

அந்த மௌனத்துக்கு நடுவில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பருமனான ஓர் அம்மாள், தோளில் பெரிய பை, கையில் குடையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். எல்லாரும் தலைகுனிந்து நிற்பதைக் கண்டதும் சட்டென்று நின்றார். பையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். குடையை மடக்கினார். என் பக்கத்தில் வந்து, தலையைக் குனிந்து, அவரும் மௌனமாக நின்றார். மரியாதை தெரிந்தவர்.

பெரியவர் துக்கத்தில் நேரத்தை மறந்துவிட்டார். நிமிடம் நீண்டுகொண்டே போனது. அந்த அம்மாள் குனிந்த தலையை அசைக்காமல் என்னிடம் கிசுகிசுத்தார்.

"ஆராணு மரிச்சது?"

"நீங்க" என்றேன்.

சரி என்பதுபோல் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஞானோ? நானா?"

அதைக் கேட்டுக் கண்ணைத் திறந்த பெரியவர் மைக்கோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி ஒரே ஒரு முறை "முருகா!" என்றார். என் கணவர் போர்டு, பூ, விளக்கு, வேட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் ஒப்பித்தார். இடதுகைச் சேச்சி சிரிக்கவில்லை. "அதானா? காலையிலேருந்து போன் வந்துட்டே இருக்கு. எடுத்தா வச்சிடறாங்க. ஒருத்தி என் குரல் கேட்டதும் அய்யோன்னு அலறிட்டு வச்சா" என்று, சென்னையில் ஆடிய காலத்தில் பழகிய தமிழில் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

விசில் ஊதினார்கள். என் மகள் முதலில் எறிந்த பந்து வளையத்தின் பக்கம்கூடப் போகவில்லை. அடுத்ததும் அப்படியே. இடதுபக்கம் போவதா, தாவுவதா, ஓடுவதா என்று மூன்று சேச்சிமாரும் அவளுக்குள் சண்டை போடுவது எனக்கே தெரிந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாளோ, அவள் கண்ணை ஒருதரம் அழுத்தித் துடைத்துவிட்டு, பந்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, நுனிக்காலில் எம்பி, மணிக்கட்டால் வெட்டினாள். விழுந்தது. அதற்குப்பின் அவள் வேறெப்படியும் எறியவில்லை. பந்து வளையத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு பனியன், ஒரு தலையணை உறை என்று காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து, குழு எழுந்து, தலைகள் கூடிப் பேசிக் கலைந்த பிறகு, இடதுகைச் சேச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்து சேர்ந்தார்.

"போர்டு வச்சது யாரு?"

என் கணவர் அண்ணாச்சியைக் காட்டினார். அண்ணாச்சி என் கணவரைக் காட்டினார்.

"அதில எழுதியிருக்கறது சுத்தப் பொய், கேட்டோ. எங்க மூணு பேர்ல ஒருத்தியும் இப்படி எறிஞ்சதில்ல. நெட்டை எறியவே மாட்டா, மேல கொண்டுபோய் வைப்பா. இவ ஏதோ ஈரத்துணிய எடுத்துக் கொடியில போடற மாதிரியல்லே எறியறா. ஆரு படிப்பிச்சது?"

நான் கையைத் தூக்கினேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இனி யாரும் மாத்தச் சொல்லிக் கொடுக்காதீங்க. டீமில எடுத்தாச்சு" என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பி, "என் போட்டோ எது வச்சீங்க?"

"கப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பிய பாத்தியளா சேச்சி, ஒல்லியா, ரெட்டைப் பின்னலோட. அது."

"அதா?" சேச்சி குடையை விரித்தார். "அப்போ போர்டை இறக்க வேண்டாம். அந்த வேட்டிய எடுத்துட்டு, விளக்கை மட்டும் அணைச்சிடுங்க."